ஒரு பில்லியனுக்கு எத்தனை சைபர்?

ஒரு சின்னக் கேள்வி. ஒரு பில்லியனுக்கு எத்தனை சைபர்?

ஒன்பது என்று சட்டென்று சொல்லியிருப்பீர்கள். நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் 1950-ல் லண்டனில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் இதையே கேட்டிருந்தால் பன்னிரண்டு என்று சொல்லியிருப்பார். ஒன்பது போட்ட பையனுக்கு முட்டை மார்க்தான்.

மூன்று சைபர்தானே, அதற்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் கணக்கில் சொன்னால் ஒன்பது சைபர் என்பது நூறு கோடி. பன்னிரண்டு சைபர் என்பது ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரே சொல், ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே உச்சரிப்பு. தாத்தாவுக்கு ஒரு தொகை, பேரனுக்கு வேறு தொகை.

ஆங்கிலச் சொற்கள் தலைமுறைக்குத் தலைமுறை அர்த்தம் மாறுவதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பில்லியன்தான். காமர்ஸ் படிக்கிறவன் வேறு எங்கிருந்து ஆரம்பிப்பேன் :-)

இதன் கதை பிரான்சில் ஆரம்பிக்கிறது. 1484-ல் நிக்கோலா ஷுகே என்ற கணித ஆசாமி பெரிய எண்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன். 'பி' என்றால் இரண்டு. இன்னொரு மில்லியனால் பெருக்கினால் டிரில்லியன். 'ட்ரி' என்றால் மூன்று. எவ்வளவு அழகான லாஜிக் பாருங்கள். பிற்பாடு பிரான்சிலேயே சிலர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்கில் பில்லியன் என்பது வெறும் ஆயிரம் மில்லியன். 'பி' என்ற முன்னொட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால் பதில் கிடையாது. அமெரிக்கா இந்த இரண்டாவது கணக்கை எடுத்துக்கொண்டது. பிரிட்டன் முதல் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், குழப்பத்தை ஆரம்பித்து வைத்த பிரான்ஸ் 1961-ல் அதிகாரபூர்வமாகப் பழைய கணக்குக்கே திரும்பிப் போய்விட்டது.

பிரிட்டனில் நாள் தேதியோடு சொல்லக்கூடிய ஒரு திருப்பம் இருக்கிறது. 1974 டிசம்பர் 20. மேக்ஸ்வெல்-ஹிஸ்லப் என்ற கன்சர்வேடிவ் எம்.பி., பிரதமர் ஹரால்ட் வில்சனிடம் எழுத்து மூலம் ஒரு கேள்வி கேட்டார். அமைச்சர்கள் பில்லியன் என்று சொன்னால் அது பிரிட்டிஷ் அர்த்தத்தில், அதாவது மில்லியன் மில்லியன் என்ற அர்த்தத்தில் மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொள்வாரா? வில்சன் முடியாது என்று சொல்லிவிட்டார். உலகம் முழுக்க ஆயிரம் மில்லியன் என்ற பொருளில் புழங்கும்போது நம் அமைச்சர்கள் மட்டும் வேறு பொருளில் பேசினால் குழப்பம்தான் வரும் என்பது அவர் வாதம். ஆனால் நம் நாட்டில் இன்னும் பழைய அர்த்தத்தில் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கலாம், அதனால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் அமைச்சர்கள் என்ன பொருளில் சொல்கிறார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அந்த இரண்டாவது பாதி ரொம்பப் பிடித்தது. ஒரு சொல்லின் அர்த்தத்தை மாற்ற எந்தப் பிரதமருக்கும் அதிகாரம் கிடையாது. தன் அமைச்சர்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியும். பள்ளியில் பன்னிரண்டு சைபர் என்று படித்துவிட்டு வந்த லட்சக்கணக்கான பேர் தலைக்குள் போய் மூன்று சைபரை யார் அழிப்பது? எழுபதுகளில் பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையும் அதன் அப்பாவும் ஒரே செய்தித்தாளைப் படித்து இரண்டு தொகையைப் புரிந்துகொண்டிருக்க முடியும். இந்தத் தொல்லைக்காகவே பலர் பில்லியன் என்ற சொல்லையே தொடாமல் 'ஆயிரம் மில்லியன்' என்று நீட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பழைய கணக்கில் ஒன்பது சைபருக்கு மில்லியர்ட் என்று தனியாக ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் அது செத்துவிட்டது என்றாலும் ஒரு இடத்தில் அதன் வால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்நியச் செலாவணி டீலர்கள் ஒரு பில்லியனை 'யார்ட்' என்பார்கள். துணி அளக்கும் கெஜத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மில்லியர்டின் கடைசித் துண்டு அது. போனில் பேசும்போது மில்லியனும் பில்லியனும் ஒரே மாதிரி காதில் விழும், ஒரு எழுத்தில் ஆயிரம் மடங்கு நஷ்டம் வந்துவிடும். அதனால் இப்படி ஒரு சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஜெர்மன் மொழி இன்றைக்கும் பழைய கணக்கில்தான் இருக்கிறது. 1923 பணவீக்கத்தின்போது ஜெர்மனி அச்சடித்த நோட்டில் 'ஒரு பில்லியன் மார்க்' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நூறு கோடி என்று நினைத்தால் தப்பு. அது ஒரு லட்சம் கோடி மார்க். அந்த வருஷம் நவம்பரில் வந்த ஒரு புதிய ரென்டன்மார்க்குக்கு இப்படி ஒரு லட்சம் கோடி பழைய மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் புத்தகத்தில் இதையே டிரில்லியன் என்று எழுதியிருப்பார்கள். பரீட்சைக்கு இந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள் எந்த ஊர்ப் புத்தகம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்க.

பில்லியன் ஒரு விதிவிலக்கு. பெரும்பாலான சொற்களுக்கு இப்படித் தேதி எல்லாம் கிடையாது. 'நைஸ்' என்றால் 14-ம் நூற்றாண்டில் முட்டாள் என்று அர்த்தம். 'சில்லி' என்றால் ஒரு காலத்தில் ஆசீர்வதிக்கப்பட்டவர். அதிலிருந்து அப்பாவி, பிறகு பாவப்பட்டவர், கடைசியில் அசடு. 'கேர்ள்' என்பது ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தைக்கும் பொது. 'மீட்' என்றால் கறி இல்லை, வெறும் சாப்பாடு. இந்தப் பட்டியல் எந்த மொழி வரலாற்றுப் புத்தகத்திலும் கிடைக்கும் என்பதால் இதோடு விடுகிறேன்.

கூடவே ஒரு கதையும் சொல்வார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டி முடித்ததும் ராஜா பார்த்துவிட்டு 'ஆஃபுல்' என்றாராம். இன்றைக்கு அது திட்டு, அன்றைக்கு பிரமிக்க வைக்கிறது என்று அர்த்தம். சொல்லின் அர்த்தம் மாறியது உண்மைதான். ஆனால் அந்த ராஜா யார் என்று தேடினால் ஒருவர் சார்லஸ் என்கிறார், ஒருவர் ஜேம்ஸ் என்கிறார், ஒருவர் ராணி ஆன் என்கிறார். ஒரே வசனத்தை இத்தனை பேர் சொல்லியிருக்க முடியாது. என்னைக் கேட்டால் அது கட்டுக்கதை.

புதுச் சொல் வந்தால் ஆபத்து குறைவு. தம்பி ஏதோ ஒரு ஸ்லாங் சொன்னால் அது நமக்குப் புரியவில்லை என்பதாவது நமக்குத் தெரியும். உடனே கேட்டுவிடலாம். பழைய சொல்லுக்குள் புது அர்த்தம் புகுந்துகொண்டால் இரண்டு பேருமே புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மணி அடிப்பதற்கு யாரும் இல்லை.

நம் ரோட்டில் ஓடும் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். லத்தீனிலிருந்து வந்த சொல். முன்னால் நிற்கும் 'இன்' என்பதற்கு உள்ளே, மேலே என்ற மாதிரி அர்த்தம். தீப்பற்றக்கூடியது என்பது பொருள். லத்தீன் படித்த தலைமுறைக்கு இதில் சந்தேகமே வந்திருக்காது. லத்தீன் படிக்காத தலைமுறைக்கு 'இன்' என்றால் 'இல்லை'. இன்கரெக்ட், இன்விசிபிள், இன்ஆக்டிவ் மாதிரி. அப்படியானால் இன்ஃப்ளேமபிள் என்றால்? தீப்பிடிக்காது! பெட்ரோல் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்கிறவன் அப்படிப் படித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடித்துப் பதறியவர்கள் மொழி வாத்தியார்கள் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதச் சொன்னது. ஃப்ளேமபிள் என்ற சொல் 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இருந்தாலும் யாரும் சீண்டாமல் கிடந்தது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959-ல் அதையே பரிந்துரைத்தது. எதிர்ச்சொல்லும் நான்-ஃப்ளேமபிள் என்று ஆனது. நம் லாரிக்காரர்கள் மட்டும் இன்னும் லத்தீனை விடுவதாக இல்லை.

இது உயிர்ப் பிரச்சினை. அடுத்தது வீட்டுப் பிரச்சினை. இந்த வழக்குகளைப் படித்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

இங்கிலாந்தில் 1920-ல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியிருப்பவர் இறந்துபோனால் அவர் மனைவியோ, மனைவி இல்லாவிட்டால் அவரோடு வசித்துவந்த 'ஃபேமிலி' உறுப்பினர் ஒருவரோ அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல முடியாது. நல்ல சட்டம். ஆனால் ஃபேமிலி என்றால் யார் யார் என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே 1920-ல் யாருக்கும் தோன்றியிருக்காது. குடும்பம் என்றால் குடும்பம்தானே.

1949-ல் ஒரு வழக்கில் ஒரு நீதிபதி இதற்கு ஒரு சோதனை வைத்தார். சாதாரண மனிதன் ஒருவனைக் கூப்பிட்டு, இவர் அந்தக் குடும்பத்தில் ஒருவரா என்று கேட்டால் அவன் ஆமாம் என்பானா, இல்லை என்பானா? கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது. அடுத்த வருஷமே, 1950-ல், இந்தச் சோதனைக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு வீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளாமல் பல வருஷமாகக் கணவன் மனைவி போல வாழ்ந்திருக்கிறார்கள். வாடகைதாரர் அந்தப் பெண். அவர் இறந்ததும் அந்த ஆள் நான் குடும்பத்தில் ஒருவன், வீடு எனக்கு வேண்டும் என்று கேட்டார். அப்பீல் கோர்ட் இல்லை என்றது.

25 வருஷம் ஓடியது. 1975-ல் அதே அப்பீல் கோர்ட்டுக்கு டைசன் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம் ஒரு வழக்கைக் கொண்டு வந்தது. இந்தத் தடவை உயிரோடு இருந்தது பெண். 21 வருஷம் சேர்ந்து வாழ்ந்த வாடகைதாரர் 1961-ல் இறந்துவிட்டார். கல்யாணம் நடக்கவில்லை. அவர் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு அந்த அம்மாள் அதே வீட்டில் வாடகை கட்டி வந்திருக்கிறார். பிற்பாடு வீட்டின் சொந்தக்காரர் மாறியதும் கல்யாணம் ஆகவில்லை என்ற விஷயம் தெரியவந்து, காலி செய்யுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1950 தீர்ப்பு அப்படியே கண் முன்னால் இருக்கிறது. அதன்படி பார்த்தால் அந்த அம்மாள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனால் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஃபேமிலி என்பது சட்டத்துக்கென்று உண்டாக்கிய கலைச்சொல் இல்லை, ஜனங்கள் பேசுகிற சொல், ஜனங்கள் பேச்சில் அதன் அர்த்தம் 1950-க்குப் பிறகு மாறிவிட்டது, இப்போது சாதாரண மனிதனைக் கேட்டால் ஆமாம் என்பான் என்ற தோரணையில் தீர்ப்பு போனது. சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. அகராதியில் யாரும் கை வைக்கவில்லை. ரோட்டில் போகிற சாதாரண மனிதன் மாறிவிட்டான், அவ்வளவுதான். 1950-ல் நின்றவன் அப்பா, 1975-ல் நின்றவன் மகன்.

கதை இதோடு முடியவில்லை. 1999-ல் பிரபுக்கள் சபை வரைக்கும் இன்னொரு வழக்கு போனது. இரண்டு ஆண்கள், 1976 முதல் ஒன்றாக வாழ்ந்தவர்கள். வாடகைதாரராக இருந்தவருக்கு 1986-ல் பயங்கரமான விபத்து, தலையில் அடி. மற்றவர் வேலையை விட்டுவிட்டு எட்டு வருஷம் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டார். 1994-ல் அவர் இறந்ததும் அந்த வீட்டில் இவர் இருக்கலாமா என்பது கேள்வி. கணவன் மனைவி என்ற பிரிவில் வரமாட்டார், ஆனால் ஃபேமிலி உறுப்பினர்தான் என்று ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சொன்னார்கள். இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வருஷம் ஒருவரைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டியவர் குடும்பமா இல்லையா என்பது மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் தேறியது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

மறுபக்கமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் ஒரு அர்த்தத்தை நம்பி வீட்டை வாடகைக்கு விட்டிருப்பார். நடுவில் சொல் நகர்ந்துவிட்டால் நஷ்டம் அவருக்கு. ஒப்பந்தங்களில் பொதுவாக எழுதிய நாளில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றுதான் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் பல தலைமுறைக்கு நிற்க வேண்டிய சட்டத்தை அப்படி 1920-ல் ஆணி அடித்து வைக்க முடியுமா? இந்த விஷயத்தில் நான் 1975 கட்சி.

அமெரிக்காவில் ஆணி அடிப்பதா வேண்டாமா என்ற சண்டை இன்னும் பெரியது. அவர்கள் அரசியல் சட்டம் 1787-ல் எழுதியது. அதில் மாநிலங்களை 'டொமஸ்டிக் வயலன்ஸ்' என்பதிலிருந்து மத்திய அரசு காக்கும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இன்றைக்கு இதைப் படிக்கிற யாருக்கும் வீட்டுக்குள் நடக்கும் அடிதடிதான் மனசில் வரும். அந்த அர்த்தம் பரவியது 1970-களில். எழுதியவர்கள் மனசில் இருந்தது உள்நாட்டுக் கலவரம். அதற்குச் சற்று முன்னால்தான் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் ஷேஸ் என்பவர் தலைமையில் கலகம் செய்திருந்தார்கள். 1992-ல் லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தபோது ராணுவத்தை இறக்க அதிபர் புஷ் வெளியிட்ட பிரகடனத்திலும் அந்தப் பழைய அர்த்தத்தில் அதே சொற்கள் வந்தன.

(அந்தக் கலவரத்தின்போது நடந்த ஒரு சம்பவம். தலைமுறை விஷயம் இல்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காம்ப்டனில் ஒரு வீட்டுக்குப் போன போலீஸ்காரர் கூட வந்த மரைன் படை வீரர்களிடம் 'கவர்' செய்யச் சொன்னார். போலீஸ் பாஷையில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு தயாராக நில்லுங்கள் என்று அர்த்தம். வீரர்கள் பாஷையில் சுடுங்கள் என்று அர்த்தம். 200-க்கும் மேற்பட்ட குண்டுகள் அந்த வீட்டுக்குள் பாய்ந்தன. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. போலீஸ் அங்கே எதற்குப் போனது தெரியுமா? வீட்டுச் சண்டை. இன்றைய அர்த்தத்தில் டொமஸ்டிக் வயலன்ஸ்!)

நம் பாடத்தின் பெயரே அதே அரசியல் சட்டத்தில் மாட்டிக்கொண்ட சொல்தான். 'காமர்ஸ்' என்றால் அன்றைக்கு வியாபாரம் மட்டும் இல்லை, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகுவதும் காமர்ஸ். 1824-ல் நியூயார்க் நீராவிப் படகு வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல், காமர்ஸ் என்பது சரக்கு வாங்கி விற்பதோடு நிற்காது, போக்குவரத்தும் அதில் அடங்கும் என்று விளக்க எடுத்துக்கொண்ட சொல் 'இன்டர்கோர்ஸ்'. அதற்கும் முன்னால் 1809-ல் பிரிட்டனோடும் பிரான்சோடும் வியாபாரத்தைத் தடை செய்து அவர்கள் போட்ட சட்டத்தின் பெயர் 'நான்-இன்டர்கோர்ஸ் ஆக்ட்'. வகுப்பில் இதை யாராவது சீரியஸாகப் படித்துக் காட்டினால் கடைசி பெஞ்ச் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஜேன் ஆஸ்டின் 1815-ல் வெளியிட்ட எம்மா நாவலில் ஒரு பாதிரியார் ஓடுகிற வண்டிக்குள் கதாநாயகியிடம் 'லவ் மேக்' செய்வார். பயப்பட வேண்டாம், வெறுமனே காதலைச் சொல்கிறார். அதுவும் மறுக்கப்படுகிறது.

சில சொற்கள் போய்விட்டுத் திரும்பி வருகின்றன. பிரிட்டனில் ரேடியோவுக்குப் பெயர் 'வயர்லெஸ்'. ஆர்தர் கிளார்க் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் யோசனையை 1945-ல் எழுதியது வயர்லெஸ் வேர்ல்ட் என்ற பத்திரிகையில்தான். நம் ஊரிலும் 1933-ல் போட்ட இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் இருந்தது. அதனால்தான் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளவும் ஒரு காலத்தில் லைசென்ஸ் தேவைப்பட்டது. பிறகு அந்தச் சொல் கிழவர்கள் சொல்லும் சொல்லாகிச் செத்தே போச்சு என்று நினைத்த நேரத்தில் இன்டர்நெட் இணைப்போடு எழுந்து வந்துவிட்டது.

'கம்ப்யூட்டர்' நேர் எதிர். முன்பு அது ஒரு ஆள். கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிற ஆள். 18-ம் நூற்றாண்டில் மாலுமிகளுக்கான வானியல் அட்டவணைகளைத் தயாரிக்க இங்கிலாந்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர்கள் இருந்தார்கள். ஆமாம், இருந்தார்கள்! ஆலன் டூரிங் 1936-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கம்ப்யூட்டரை 'அவன்' என்றே குறிப்பிடுகிறார். கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்கள் அதை இயந்திரம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் தலை சுற்றும். பென்சிலும் தாளும் வைத்திருக்கும் ஒரு மனிதன் அது. 1940-களில் எனியாக் வந்தபோது அதற்கு முதலில் புரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள். அதுவரை அவர்கள் பார்த்த வேலையின் பெயர் கம்ப்யூட்டர். தங்கள் வேலையையும் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் போகிற இயந்திரத்துக்கு அவர்கள்தான் வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று. 'லெட்' என்றால் விடு, அனுமதி. ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு லெட் இருந்தது. அதற்குத் தடு என்று அர்த்தம். நேர் எதிர்! 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த லெட் வருகிறது. தெரியாமல் வாசித்தால் வசனமே தலைகீழாகிவிடும். அந்தச் சொல் கிட்டத்தட்ட அழிந்தாலும் இரண்டு இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒன்று, டென்னிஸ். சர்வீஸ் பந்து வலையில் உரசிவிட்டு விழுந்தால் 'லெட்' என்று கத்துவார்களே (நம்மில் பாதிப் பேர் நெட் என்று நினைத்துக்கொண்டு கத்துவோம்), அது இந்த லெட்தான். இன்னொன்று நம் இந்தியப் பாஸ்போர்ட். உள்ளே குடியரசுத் தலைவர் பெயரால் அயல்நாட்டாரிடம் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். இதை வைத்திருப்பவரை எந்த 'லெட்'டும் இல்லாமல் போகவிடுங்கள் என்று.